எட்டுக் கிலோ

ஜூலை 24, புதன்

கமலவேணி எடை 58.4. காய்ச்சல் இல்லை. காலையில் இரண்டு இட்லி, உப்பில்லாத சட்னி. முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இதையெல்லாம் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியில் வருடா வருடம் டைரி தருவார்கள். நான் எழுதியதே இல்லை. மகள் ஹேமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் படம் வரைவாள், அவ்வளவுதான். பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீர் ஏறும் அளவைப் பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதுவேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை.

என் மனைவி கமலவேணிக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது. "குடியை மோந்துகூடப் பாக்காத பொம்பளைக்கு எப்புடிங்க இது?" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கும்போது என்னைத்தான் பார்க்கிறார்கள், நான் குடித்து அவளுக்குப் போய்ச் சேர்ந்ததுபோல. குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு படிந்து இப்படி ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். இனி மாற்றுவதுதான் வழி. இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பதிவு செய்திருக்கிறோம். நம் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் உடனே செய்யலாம். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடுமாம்.

திருப்பூரிலிருந்து ஹேமா நான் தருகிறேன் என்றாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். "வவுத்துல புள்ளைய வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்று அவள் அம்மா போனிலேயே அதட்டினாள்.

மிச்சம் இருப்பது நான். ரத்தம் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை டாக்டர் முடிவு சொல்வார்.

ஜூலை 26, வெள்ளி

எடை 58.9.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து இருபது நிமிடம் பேசினார். பிறகு கமலவேணியை உள்ளே கூப்பிட்டு, "இவரோடது இப்போதைக்குப் பொருந்தலைங்கம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆட்டோவில் வரும்போது ஏன் என்று கேட்டாள். ஈரலில் கொழுப்பு என்றேன். எட்டுக் கிலோ அதிகமாக இருக்கிறேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அவ்வளவுதானுங்களா? நான் என்னமோ ரத்தத்துலயே கோளாறுன்னு பயந்துபோய்ட்டேன். கொழுப்புன்னா கரைச்சுப் போடலாமுங்க. ரெண்டு மாசம் எனக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க எட்டுக் கிலோவைக் கரைங்க, மறுபடி போய் நிப்போம்."

வடவள்ளியை நெருங்கும்போது மருதமலை தெரிந்தது. அதை நோக்கிக் கையைக் காட்டி, "நாளைக்கே படி ஏறுங்க" என்றாள்.

ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இப்போதே பத்தியம் ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலை 27, சனி

எடை 58.9. என் எடையும் இந்த நோட்டில் எழுத வேண்டும் என்று கட்டளை. 91.2.

ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டரில் அடிவாரம் போனோம். வீட்டிலேயே இரு என்றால் கேட்கவில்லை. பூ விற்கும் பட்டத்தாள் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ஐந்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

மொத்தம் எண்ணூற்று முப்பத்தேழு படி. நான் நூற்றுப் பத்தில் நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கால் மணி நேரம் போக்கிவிட்டு இறங்கி வந்து, பாதி ஏறினேன் என்று சொன்னேன்.

"சட்டை நனையவே இல்லீங்களே?"

"மேல காத்து அடிக்குது கமலா."

"ஆமாங்க, ஆடிக் காத்து" என்று பட்டத்தாளும் ஒத்துக்கொண்டார்.

ஜூலை 28, ஞாயிறு

தொடை இரண்டும் கட்டை. போகவில்லை. அவள் எடை 59.1.

ஜூலை 31, புதன்

படி வழியில் யானை வந்துவிட்டது என்று வனத்துறை ஆட்கள் அடைத்துவைத்திருந்தார்கள். யானை இருந்த திசையைப் பார்த்து மனதார ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆகஸ்ட் 3, சனி

அவள் 59.8. நான் 91.6.

வீடு முழுக்கக் கொள்ளு. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுப் பருப்பு. கொழுப்பை எடுக்க அதைவிட மருந்து கிடையாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று செய்கிறாள். பத்து நிமிடம் நின்றால் அவளுக்குக் கால் வீங்குகிறது. ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்து செய்தால் ருசி வராதாம்.

வேலைக்குப் போகும் வழியில் பேக்கரியில் இரண்டு தேங்காய் பன்னும் ஒரு டீயும் சாப்பிட்டேன். நேற்றும் சாப்பிட்டேன். முந்தாநாளும்.

எடை மெஷினில் 91.6 என்று வந்ததும் குனிந்து பார்த்தாள். "மெஷின் கெட்டுப்போச்சுங்க. நீங்கதான் நித்தம் ஏறறீங்களே" என்றாள். மெஷின் ஒன்றும் கெடவில்லை. எந்த மெஷின் கெட்டது, எது கெடவில்லை என்று சொல்வதுதான் எனக்குத் தொழில்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எடை 62.3. நான்கு நாளில் வயிறு பானையாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவர். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கமலவேணி அவரிடம் பேசுவது கேட்டது.

"எங்கூட்டுக்காரரு எனக்காக நித்தம் மருதமலை ஏறறாருங்க. அம்பத்தேழு வயசு. மூச்சு வாங்குது, பாவம். ஆனா விடறதில்லை."

"குடுத்து வச்சவ சாமி நீ."

"ஆமாங்க."

உள்ளே போக முடியவில்லை. மருந்துப் பையை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

அவளை ஹேமாவின் மாமியார் பார்த்துக்கொண்டார். நான் தனியாகப் போனேன். இடும்பன் கோயில் வரைக்கும் ஏறினேன், பாதி வழி. நிஜமாகவே பாதி. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும்.

ஆகஸ்ட் 14, புதன்

அவள் 57.7. நான் 90.1.

படி ஏறுவதில் ஒன்று தெரிந்துகொண்டேன். மேலே பார்க்கக் கூடாது. கோபுரம் கண்ணில் பட்டால் கால் அங்கேயே நின்றுவிடுகிறது. முன்னால் இருக்கும் பத்துப் படியை மட்டும் பார்க்க வேண்டும். அது முடிந்ததும் அடுத்த பத்து. என்னைத் தாண்டிக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறிப் போனார். ஒரு கிழவர் போனார். ஒரு குரங்கு என்னோடு உட்கார்ந்து இளைப்பாறியது.

பேக்கரிப் பக்கம் போவதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எண்ணூற்று முப்பத்தேழும் ஏறிவிட்டேன்.

நாற்பத்தாறு நிமிடம் ஆனது. மேலே நின்று பார்த்தால் ஊரே ஈரத்தில் பளபளவென்று கிடந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியைத் தேடினேன். எல்லார் வீட்டுத் தொட்டியும் ஒரே கருப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மனதுக்குள் ஒரு தெம்பு இருந்தது. அது எனக்குப் பழக்கமில்லாத சாமான்.

கோயிலுக்குள் போகவில்லை. வெளியிலேயே நின்று திரும்பிவிட்டேன். கீழே வந்ததும் அவள் திருநீறு கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அவள் 59.0. நான் 87.9.

இன்று டாக்டரிடம் போனோம். உள்ளே நுழைந்து உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "டாக்டர், இவரு மூணு கிலோவுக்கு மேல கொறைச்சுட்டாருங்க. இன்னும் அஞ்சுதான். அதுவும் ஒரு மாசத்துல போயிருமுங்க. அப்ப எடுத்துக்கலாமில்லீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எடை குறைக்கறது நல்லதுதாங்கம்மா. நடக்கட்டும்" என்றார்.

அவருக்கு எதுவும் புரியாமல் இல்லை. ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இந்த நோட்டை வேறு யாரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் நான் இதை எழுதாமலே வந்திருக்கிறேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

ஜூலை 26ஆம் தேதி டாக்டர் சொன்னது இது: "உங்க ஈரல் நல்லா இருக்குங்க. இவ்வளவு எடைக்கு இவ்வளவு நல்லா இருக்கறதே ஆச்சரியம். நீங்க குடுக்கலாம். ஆனா யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. உங்களுக்கு முழுச் சம்மதமா?"

உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். மிகவும் குறைவு, ஆனால் கிடையாது என்று சொல்லமாட்டேன் என்றார்.

எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது என் அப்பாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தார்கள். காலையில் நடந்து போனவரை மாலையில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே வெளியே போகும் வாசலைத் தேடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, கமலவேணியிடம்கூட. டாக்டரிடம், "எனக்குப் பயமா இருக்குங்க. என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இதுல தப்பு ஒண்ணும் இல்ல. வெளியில 'பொருந்தல'ன்னு மட்டும் சொல்லுவோம். காரணம் சொல்லமாட்டோம்" என்றார்.

காரணம் நான் கண்டுபிடித்தது. கொழுப்பு என்ற வார்த்தை அவள் நோயிலிருந்தே எடுத்தது. எட்டுக் கிலோ வாயில் வந்தது. ரத்தக்குழாய் சரியில்லை என்றோ வேறு எதையோ சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கரைக்க முடிகிற ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன். அவளும் கரைக்கச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, சனி

அவள் 59.2. ஏறினேன். நாற்பத்தொரு நிமிடம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அவள் 60.4. நான் 86.5.

எட்டுக் கிலோ குறைந்து நிற்கும் அந்த 83ஐ நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்த நாளில் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நிற்பாள். அதற்குப் பயந்து ஏறாமல் இருக்கலாமா என்று நேற்றுப் படுக்கையில் யோசித்தேன். ஐந்து மணிக்குக் கால் தானாக எழுந்துவிட்டது.

ஹேமா போன் செய்தாள். "அப்பா, உங்களை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்குதுங்கப்பா. இவங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். இந்த முறை ஆறு லிட்டர். கன்னம் ஒட்டிப்போய்விட்டாள். கண் மஞ்சள்.

செப்டம்பர் 5, வியாழன்

யானை. படி அடைப்பு. சட்டக் கல்லூரி வரைக்கும் சாலையில் போய்த் திரும்பினேன், இரண்டு தடவை.

செப்டம்பர் 8, ஞாயிறு

அவள் 57.5. நான் 84.8.

அவளால் இப்போது அடிவாரத்துக்கு வர முடிவதில்லை. தனியாகத்தான் போகிறேன்.

இரவெல்லாம் தூறல். ஐந்நூறு படி தாண்டியதும் பாசியில் கால் வழுக்கி முழங்கால் கல்லில் மோதியது. தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. நடந்து போன ஒருவர் கைக்குட்டை கொடுத்தார். இறங்கிவிடுங்க என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். பயமாகத்தான் இருந்தது. மறுபடி வழுக்கினால் மண்டை உடையும். அந்தப் பயத்தோடேயே எழுந்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படியையும் ஏறினேன். ஏறும்போதும் பயம் அப்படியே இருந்தது. கால் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

இத்தனை நாள் பயம் போன பிறகு டாக்டரிடம் போகலாம் என்று காத்திருந்திருக்கிறேன். அது போகிற பயம் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டே போகலாம் என்று இந்த மலைதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்பத்தேழு வயதில்.

இன்று கோயிலுக்குள் போய் அவளுக்குத் திருநீறு வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். கொடுக்கிறேன் என்றேன். டாக்டர் மூன்று முறை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று முறையும் பயமாக இருக்கிறது, கொடுக்கிறேன் என்றே சொன்னேன்.

"இன்னைக்கே டெஸ்ட் ஆரம்பிச்சிருவோம்" என்றார். வீட்டில் மறுபரிசோதனை என்று சொன்னேன். இது மட்டும் பொய் இல்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

அவள் 58.8. நான் 83.0.

எல்லா டெஸ்டும் சரி. உறுப்பு தானத்துக்கான கமிட்டி அனுமதியும் வந்துவிட்டது. அக்டோபர் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன்.

"பாத்தீங்களா? எட்டுக் கிலோ!" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கையைத் தட்டினாள் கமலவேணி. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி. ஹேமாவுக்கு அவளே போன் போட்டாள். "உங்கப்பன் பாஸாயிட்டாரு கண்ணு" என்றாள். ஹேமா அழுத சத்தம் எனக்கே கேட்டது. கார்த்திகையில் பிள்ளை பிறந்ததும் மூன்று மாதம் வடவள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று அவளிடம் இப்போதே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

நான் ஏறும் இடத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்றாள். அவளைக் கோயில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் படியில் போனேன். முப்பது நிமிடம். மேலே போனபோது கடைசிப் படிக்குப் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்திருந்தாள். சால்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"இத்தனையுமா ஏறுனீங்க?" என்று கீழே எட்டிப் பார்த்தாள். "எனக்குப் பாக்கவே தலை சுத்துதுங்க."

பொங்கல் வாங்கி அவள் ஒரு வாய், நான் ஒரு வாய் சாப்பிட்டோம். உப்பு இருக்கிறது என்று அடுத்த வாயை எனக்கே கொடுத்துவிட்டாள்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குது கமலா. ரொம்ப நாளாவே இருக்குது."

"எனக்குந்தானுங்க" என்றாள். "நீங்க சொல்லவே இல்லையேன்னு நானும் சொல்லலை."

அப்போது எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆபரேஷன் முடியட்டும், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லலாம், திட்டட்டும், இரண்டு நாள் பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்களில் இன்று ஒன்று.

செப்டம்பர் 27, வெள்ளி

எடை 60.9. காய்ச்சல் 101.

செப்டம்பர் 28, சனி

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றுத் தண்ணீரில் கிருமி.

செப்டம்பர் 30, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சல் இறங்கினால்தான் ஆபரேஷன் என்கிறார்கள். தேதியைத் தள்ளி வைக்கலாம், முதலில் கிருமி போக வேண்டும் என்கிறார் டாக்டர். இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் கெஞ்சினால் நடக்கிற காரியம் இல்லை அது.

அக்டோபர் 1, செவ்வாய்

பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. "கொள்ளு ஊற வச்சாச்சா? அவரு மலையில இருந்து வந்துருவாரு" என்று என்னிடமே சொன்னாள். வைத்தாச்சு என்றேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலை 11.20க்குக் கமலவேணி போய்விட்டாள்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று ஆபரேஷன் தேதி. காலை ஏழு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோவதாக இருந்தார்கள். ஏழு மணிக்கு அவளை மின்மயானத்தில் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரைப் பார்த்தேன்.

"அன்னைக்கே நான் சரின்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்க" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கருமாதி. சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பற்றித்தான் பேச்சு. "பொண்டாட்டிக்காக அறுவது நாள் மலை ஏறுன மனுசன், நம்ம சாதிசனத்துல எவன் செஞ்சிருக்கான்?" என்றார் பெரிய மச்சான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹேமா என் எடை, படி, நிமிடம் எல்லாவற்றையும் அத்தைமார்களுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் மாத வயிற்றோடு நாள் முழுக்க எனக்குத் தட்டு எடுத்து வந்தாள். 

கூட்டம் போன பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டது, நான் சொன்னது, கொழுப்பு, எல்லாம்.

 பிறகு கேட்டாள். "எத்தனை நாளுங்கப்பா?"

"ஜூலை இருபத்தாறுல இருந்து செப்டம்பர் ஒம்பது வரைக்கும் கண்ணு. நாப்பத்தஞ்சு நாள்."

"அந்த நாப்பத்தஞ்சு நாள்ல செஞ்சிருந்தா?"

"தெரியலை சாமி. டாக்டர் சொல்லமாட்டேங்கறாரு."

இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அழாமல் சொன்னாள். "அம்மா நம்பிக்கிட்டே போயிட்டாங்க. நானும் நம்பிக்கிட்டே இருந்திருப்பேனுங்கப்பா. எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

 இனிமேல் ஒரு தட்டு சோறுகூடப் பொய்யில் வாங்கித் தின்ன முடியாது என்றுதான் சொன்னேன். சொன்னதனால் என் பாரம் குறைந்தது என்றும் இல்லை. அவள் தலையிலும் ஏற்றிவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

காலையில் மருமகன் காரைக் கொண்டுவந்தார். ஹேமா போய்வருகிறேன் என்று சொல்லாமல் ஏறினாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஹேமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நல்லா இருக்கா, மாத்திரை சாப்பிடறா என்று மருமகன்தான் எடுத்துப் பேசினார். மூன்று நாளாகப் படுத்தே கிடக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. ஏற வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. எழுந்து போனேன்.

 பட்டத்தாள் அக்கா என்னைப் பார்த்ததும், கமலவேணிக்காகப் போட்டுவைத்திருந்த நாற்காலியை மடித்து ஓரமாக வைத்தார்.  பிறகு நான் ஏறினேன். முப்பத்தைந்து நிமிடம். மேலே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரோ பெண்மணி தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஏறாத நாளில் படுக்கையிலேயே இருந்துவிடுகிறேன். ஏறிய நாளில் துணி துவைக்கிறேன், ஒரு டம்ளர் அரிசி போட்டுச் சோறு வைக்கிறேன், திங்கள்கிழமை வேலைக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. மனது ஒன்றும் லேசாகிவிடவில்லை. இன்றைய நாளைத் தாண்டிவிடலாம் என்று மட்டும் தெரிகிறது. தினமும் ஏறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹேமாவுக்குப் போன் செய்வதையும் நிறுத்துவதில்லை. எடுக்காவிட்டால் பரவாயில்லை. அப்பா கூப்பிட்டார் என்று போனில் இருக்கும்.

அக்டோபர் 28, திங்கள்

வேலைக்குப் போனேன். ஏழு மோட்டார் பாஸ், ஒன்று ஃபெயில்.

அக்டோபர் 30, புதன்

ஆறு பத்துக்கு, இடும்பன் கோயிலைத் தாண்டும்போது போன் அடித்தது. ஹேமா.

நான் பேசுவதற்குள் அவளே கேட்டாள். "எங்க இருக்கீங்க?"

"படியில கண்ணு. பாதி தாண்டிட்டேன்."

 திருப்பூர் ரோட்டில் ஏதோ லாரி போவது கேட்டது.

"அம்மாதான் இல்லையே. இன்னும் எதுக்கு ஏறறீங்க?"

"ஏறலைன்னா எந்திரிக்கவே முடியலை சாமி."

 வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சரி, ஏறுங்க" என்றாள்.

"வச்சிரட்டுமா கண்ணு?"

"வேண்டாம். அப்படியே ஏறுங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். எதுவும் பேசவில்லை. பேசினால் எதையாவது கெடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நடுவில் இருமல் வந்தது. ஓர் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினேன், அதுவும் அவளுக்குக் கேட்டிருக்கும். ஏறுகிறேன் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று மறுபடி நடந்தேன்.

மேலே போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் எப்போதோ வைத்துவிட்டிருந்தாள். பேசிய நேரம் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் எனக்கு இன்னும் எண்பது தொண்ணூறு படி மிச்சம் இருந்திருக்கும். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.